கீசருக்குள்ளே ஒரு காளவாசல்

விருதுநகர் மாவட்டத்தில் வெந்நீருக்கு ஒரு மெஷினா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நியாயம்தான். சித்திரை, வைகாசியில் எங்கள் மல்லாங்கிணற்றில் பகல் பன்னிரண்டு மணிக்கு மாடி டேங்க் குழாயைத் திறந்து, வருகிற தண்ணீரை ஃபில்டரில் ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். ஆனால் ஸார், மார்கழியும் தையும் வேறு கதை. சுற்றிலும் வெட்டவெளி, கரிசல் காடு. பகலில் வாங்கின சூட்டையெல்லாம் ராத்திரியில் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். விடிகாலை நாலரை மணிக்கு அந்த டேங்க் தண்ணீரை ஒரு செம்பு தலையில் ஊற்றிக்கொண்டால், செய்யாத பாவமெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு. அதில் சீமைக்கருவேல விறகைச் செருகிவிட்டால் ஊருக்கே தெரியும், எங்கள் வீட்டில் யாரோ குளிக்கப் போகிறார்கள் என்று. அவ்வளவு புகை! அந்த பாய்லருக்கு வருகிற நோயெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நோய். புகை உள்ளேயே சுற்றினால் குழாயில் கரி அடைப்பு. தரை நனைந்தால் எங்கோ ஓட்டை. தண்ணீர் சுட நேரமானால் உள்ளே சுண்ணாம்பு. பாட்டி புளியைக் கரைத்து உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, கவிழ்த்துப் போட்டு நாலு தட்டு தட்டுவாள். சில்லு சில்லாக விழும். வைத்தியம் முடிந்தது.

பிறகு கீசர் வந்தது. சுவரில் வெள்ளையாக, உருண்டையாக, சாதுவாக ஒரு பானை. கண்ணுக்குத் தெரிவது இரண்டே சின்ன விளக்குகள். கரன்ட் வந்தால் ஒன்று, காயில் சுடும்போது இன்னொன்று. மற்றதெல்லாம் உள்ளே. உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆண்டவனுக்கும் கம்பெனிக்கும்தான் வெளிச்சம்.

ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது. என்ன பிரயோசனம்? வீட்டுக்கு வீடு போர்தான். அந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வருவதற்குள் ஆபீஸ் பஸ் போய்விடும். பிளாஸ்டிக் வாளியில் வெள்ளை வளையம் வளையமாக, மரத்துக்கு வயசு சொல்கிற மாதிரி, படிந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரக் கணக்கில் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை சரி, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எங்கள் போர்த் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. அதனால் அந்தப் பொறுமை எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் கீசர் குடித்துத்தானே ஆக வேண்டும்?

பூமிக்குள் இருக்கும்வரை அந்தச் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். கால்சியம் பைகார்பனேட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஆசாமி. சூடு பட்டதும் கார்பன் டை ஆக்ஸைடு ஒரு பக்கம் போய்விடும், மிச்சம் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுத்தமான சுண்ணாம்புக்கல்லாக, எங்கே சூடு அதிகமோ அங்கே போய் உட்கார்ந்துவிடும். எங்கே சூடு அதிகம்? காயிலில். ஆக கீசர் என்பது வெந்நீர் போடுகிற மெஷின் மட்டும் இல்லை. சத்தமில்லாமல் சுண்ணாம்பு தயாரிக்கிற ஆலையும்கூட.

சத்தமில்லாமல் என்றா சொன்னேன்? போன கார்த்திகையிலிருந்தே சத்தம் போட்டது. சுவிட்ச் போட்டுப் பத்து நிமிஷத்தில் பாத்ரூமில் யாரோ மணல் சட்டியில் வேர்க்கடலை வறுக்கிற மாதிரி 'படபட, பொரபொர' என்று ஒரு சத்தம். என்னோடு படித்தவன் ஒருத்தன் லண்டனில் இருக்கிறான். வாட்ஸப்பில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். "அட, எங்க வீட்டு பாய்லரும் இப்படித்தான்டா கத்துது!" என்றான்.

அங்கே பாய்லர் என்பது குளிப்பதற்கு மட்டும் இல்லை. வீடு முழுக்கக் குழாய் ஓடும். அறைக்கு அறை சுவரோரம் இரும்புப் பட்டைகள். கேஸில் சூடான தண்ணீர் அதற்குள் சுற்றிச் சுற்றி வந்து வீட்டையே கதகதப்பாக வைக்கும். பிரஷர் காட்டும் முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் தண்ணீர் ஏற்ற வேண்டும். மேல்பக்கம் மட்டும் சில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, சாவி போட்டுத் திருகிக் காற்றை வெளியே விட வேண்டும். இதெல்லாம் வீட்டுக்காரனே செய்துகொள்ளலாம். ஆனால் கேஸ் பக்கம் தொழிலாகக் கை வைக்கிறவருக்கு 2009-லிருந்து 'கேஸ் சேஃப்' என்கிற பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டுமாம். "கவரைக் கழற்றி உள்ளே கை விடுறதுக்கு நமக்கு தைரியம் கிடையாதுடா. ஆள் வந்து பார்த்துட்டுப் போறதுக்கே ஊர் டிக்கெட் காசு கேட்பான்" என்று அழுதான்.

அவனுடைய பாய்லருக்கும் என்னுடைய கீசருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தீயில் சுடுகிற பாய்லரில் சுண்ணாம்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகையோடு வெளியே போய்விடும். கேஸ் வீண், விறகு வீண். பாட்டியின் செம்பு பாய்லரிலும் இதே கதைதான். கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. சூடு தப்பித்து ஓட இடம் இல்லை. அதனால் தண்ணீர் சுடுகிற நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2,000 வாட் காயிலுக்கு 17 நிமிஷம். எந்தத் தயவும் தாட்சண்யமும் இல்லாத கணக்கு இது. ஆனால் சுண்ணாம்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதே சூட்டை வெளியே தள்ளுவதற்குள் காயில் தானே பழுக்கக் காய்ந்து போகும். வீணாவது கரன்ட் இல்லை, காயிலின் ஆயுள். வெளியே இருக்கிற நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, வேர்க்கடலைச் சத்தத்தைத் தவிர.

தை பிறந்து ஒரு வாரம். ஒரு வியாழக்கிழமை. "ஏய்யா, தண்ணி சுடலையே" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு மூட்டுவாதம். எழுபதைத் தாண்டியாயிற்று. நாலரை மணிக்கு வெந்நீர்க் குளியல் இல்லையென்றால் அன்றைக்கு விரல் மடங்காது. விரல் மடங்காவிட்டால் கோலம் கிடையாது. கோலம் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் அர்ச்சனை. ஆகையால் இது ஒரு குடும்பப் பிரச்னை.

கீசரை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்று நாள் அடுப்பில் அண்டா வைத்து ஓட்டினோம். ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். அதற்காகத்தானே ஆபீஸ்? கேஷியர், "காயில் போயிருக்கும், மாத்திடுங்க" என்றார். டெஸ்பாட்ச் பையன், "தெர்மோஸ்டாட் ஸார், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன்" என்றான். கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மானேஜர் கீசரே வேண்டாம், நல்லெண்ணெய் தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஆயுள் கெட்டி என்று முக்கால் மணி நேரம் பேசினார். அன்றைக்கு வவுச்சர் எதிலும் கையெழுத்து வாங்க முடியவில்லை.

மெக்கானிக் ஒருவரிடம் போனில் கேட்டேன். "உள்ளே ரீசெட் பட்டன் ஒண்ணு இருக்கும் ஸார். வெளியே துருத்திக்கிட்டு நிக்கும். உள்ளே அமுக்குங்க, 'டிக்'னு சத்தம் வரும். அவ்வளவுதான், சுடும்" என்றார். பீஸ் வாங்காத வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சின்ன வயசிலிருந்து ரேடியோ, டார்ச், சைக்கிள் டைனமோ என்று பிரித்துப் போட்டுப் பழகிய கை. என்னிடம் ஒரு நல்ல மல்டிமீட்டர் இருக்கிறது. கீசரைத் தொடுவதற்கு எனக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்வது. சுவிட்சை நம்புவதில்லை; சுவிட்சில் பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிற வீடுகள் இந்த நாட்டில் ஏராளம். இரண்டாவது, எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டுவது. இல்லாவிட்டால், "என்னங்க, ஃபேன் சுத்தலையே" என்று யாராவது தூக்கிவிட்டுவிடுவார்கள். மூன்றாவது, தண்ணீர் வருகிற வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுவது. அதற்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர்.

கீழ் மூடியைக் கழற்றினேன். மெக்கானிக் சொன்னது சரி. ரீசெட் பட்டன் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது. அதுதான் கட்-அவுட். தெர்மோஸ்டாட் வழக்கமான சூட்டில் நிறுத்துகிற வாட்ச்மேன். அவன் தூங்கிவிட்டால் கதவை இழுத்து மூடுகிற பெரிய வாட்ச்மேன் இவன். ஒருமுறை மூடினால் மனுஷன் கை வைத்து அமுக்கினால்தான் திறப்பான்.

காயிலின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். 26 ஓம். 230-ஐ 230-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்தால் 26.45. காயில் அட்சர சுத்தம்! பட்டனை அமுக்கி, மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் 17 நிமிஷத்தில் வெந்நீர். குடும்பத்தில் ஒரு ஹீரோ. இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று மூடியைத் திருகுகிற வீடுகள்தான் அதிகம். ரீசெட் பட்டன் ஏன் துருத்தியது என்று அதையே கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் மச்சான் வந்தார். வீட்டுக்காரியின் அண்ணன். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அம்மா காபி கொடுத்துவிட்டு வழக்கம்போல உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"வாதம் இப்போ எப்படி இருக்கு, அத்தை?"

"மொழி வலி இருக்குதான் தம்பி. ஆனா இந்த விரல்ல எறும்பு ஊருற மாதிரி ஒரு குறுகுறுப்பு இருந்துச்சே, பதினைஞ்சு நாளா, அது மூணு நாளா தேவலை. தைலத்தை மாத்தினேன். கேட்குது."

மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எப்போ ஊரும் அத்தை? நாள் பூராவுமா?"

"இல்ல தம்பி. குளிக்கப் போறப்போதான். குழாயைத் திருகுவேன்ல, அப்போ சுருசுருன்னு வரும். காலங்காத்தால வாதம் கூடத்தானே செய்யும்?"

"மூணு நாளா இல்லேன்னா... கீசர் கெட்டு எத்தனை நாளாச்சு மாப்ளே?"

மூணு நாள்.

ஸார், வாதக்காரிக்குப் பச்சைத் தண்ணீரில் கையை வைத்தால் குறுகுறுப்பு கூட வேண்டும். குறையக் கூடாது. கீசர் நின்ற அன்றைக்கே எறும்பும் நின்றிருக்கிறது என்றால், அது தைலத்தின் மகிமை இல்லை. எங்களுக்குள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா மட்டும், "என்னய்யா, ஏன் இப்படிப் பார்க்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

மீட்டரின் ஒரு முனையைக் காயிலிலும் இன்னொன்றைக் கீசரின் இரும்பு உடம்பிலும் வைத்தேன். அங்கே மீட்டர் எதையும் காட்டக்கூடாது. எல்லையே இல்லை என்கிற மாதிரி நிற்க வேண்டும். எண் ஓடியது. முப்பதாயிரம் ஓம் பக்கம் ஓடி, ஆடி, நின்றது. காயிலுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது.

நடந்தது இதுதான். காயில் என்பது வெறும் கம்பி இல்லை. நடுவில் சுடுகிற கம்பி, அதைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி மக்னீசியம் ஆக்ஸைடு, அதற்கு மேல் உலோக உறை. சூட்டை விடும், கரன்டை விடாது, அந்த மாவின் வேலை அது. சுண்ணாம்புக் கம்பளிக்குள் பழுக்கக் காய்ந்ததில் உறையில் மயிரிழை வெடிப்பு. அதன் வழியாக ஈரம் உள்ளே போக, மாவு நனைந்து, கரன்ட் கசிந்து தண்ணீருக்கு வந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு குழாய் வரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. கம்பி அறுந்துபோகவில்லை. அதனால்தான் 26 ஓம் கச்சிதமாக வந்தது. பட்டனை அமுக்கியிருந்தால் கீசரும் சமத்தாகச் சுட்டிருக்கும்.

அம்மா குளிக்கும்போது பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். வழுக்காமல் இருக்க டாக்டர் சொன்னபடி காலில் ரப்பர் செருப்பு. மச்சான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எர்த் எங்கே மாப்ளே?" என்றார். பட்டாசு ஆலைக்காரர் இல்லையா? மருந்து அறைக்குள் காலை வைக்கிறதுக்கு முன்னால் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்திருக்கிற கரன்டை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் அவர். சின்னப் பொறியின் விலை என்னவென்று எங்கள் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்ததை மறந்தவர்கள் இங்கே கிடையாது. அவருக்குக் கோயிலில் கற்பூரம் தொட்டுக் கும்பிடுவதும் அந்தத் தகட்டைத் தொடுவதும் ஒரே பயபக்திதான்.

எர்த் என்றால் நம்மில் பாதிப் பேர் பிளக்கில் இருக்கிற மூன்றாவது பின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பின் மட்டும் ஏன் தடியாகவும் நீளமாகவும் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? செருகும்போது அது முதலில் உள்ளே போக வேண்டும், பிடுங்கும்போது அது கடைசியில் வர வேண்டும். கரன்ட் வருவதற்கு முன்னாலேயே மெய்க்காவலன் வந்து நிற்கிற ஏற்பாடு. கீசரின் இரும்பு உடம்புக்குக் கரன்ட் கசிந்தால், மனுஷன் உடம்பைத் தேடாமல், அந்த வயர் வழியாக நேரே மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

எங்கள் கீசர் பிளக்கில் எர்த் வயர் இருந்தது. சாக்கெட்டிலும் பச்சை வயர் கம்பீரமாக முடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து மீட்டர் போர்டு, போர்டிலிருந்து சுவர் வழியாகப் பின்முற்றம். அதற்கப்புறம்? அங்கே சிமெண்ட் தரை. தரை மேல் ஆட்டுக்கல்லும் அம்மியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்தன.

இதற்கு மேல் நான் போகவில்லை. மூடியைக் கழற்றுவதும் மீட்டர் வைப்பதும் வேறு, மெயினைத் தொடுவது வேறு. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. அடுத்து பேஸுக்கும் எர்த்துக்கும். இழை மட்டும் மின்மினி மாதிரி செவசெவவென்று ஒரு முழி முழித்தது. "பூமித் தாய் இந்த வீட்டுக்கு இல்லீங்க" என்றார்.

ஆட்டுக்கல்லை நாலு பேர் நகர்த்தினோம். சிமெண்டை உடைத்தால் உள்ளே எர்த் குழாய். தண்ணீர் ஊற்றுவதற்கென்று அதன் தலையில் வைத்திருந்த புனலை எந்தக் காலத்திலோ முற்றத்துக்குப் பூச்சு பூசினவர்கள் அதோடு சேர்த்தே பூசிவிட்டிருந்தார்கள். குழாயில் வயரைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவாகி, தொட்டால் கையோடு வந்தது. சுற்றி இருந்த கரிசல் மண் காய்ந்து பாளம் பாளமாகக் குழாயை விட்டு விலகியே நின்றது. கரிசலின் குணம் அது. ஈரத்தில் உப்பிக் கட்டிப்பிடிக்கும், காய்ந்தால் கையை விட்டுவிடும். எர்த் குழிக்கு மட்டும் அந்த மாதிரி உறவு ஆகாது.

புதுக்குழி தோண்டினோம். எட்டடிக்குக் கொஞ்சம் கூட ஆழத்தில் கால்வனைஸ் குழாய். சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு கரி. கரிக்கு எங்கள் சீமைக்கருவேலம், உப்புக்குத் தூத்துக்குடி. ஊரைக் கெடுத்த மரம் என்று எல்லோரும் திட்டுகிற மரம், கடைசியில் எங்கள் வீட்டுக் காவலுக்கு மண்ணுக்குள் போய் உட்கார்ந்தது. தலைப்பில் புனல். வாரம் ஒரு குடம் தண்ணீர். மறுபடி பல்பைக் காட்டினபோது, இந்தப் பக்கம் எரிந்த மாதிரியே அந்தப் பக்கமும் எரிந்தது.

"எம்.சி.பி. இருக்கே அண்ணே, அது விழுந்திருக்காதா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நல்ல கேள்வி. கீசர் வழக்கமாக இழுப்பதே 8.7 ஆம்பியர். எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் கோபப்படும். மனுஷன் உடம்பில் ஒரு மில்லி ஆம்பியர், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, போனாலே எறும்பு ஊரும். பத்துக்கு மேலே போனால் பிடித்த கை விடாது. முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து. 16 ஆம்பியருக்குக் காத்திருக்கிறவனுக்கு இந்த முப்பது மில்லியெல்லாம் சில்லறைக் காசு, எண்ணிக்கூடப் பார்க்க மாட்டான். எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்ற வேறு ஆசாமி இருக்கிறான். ஆர்.சி.சி.பி. என்று பெயர். போன கரன்டும் திரும்பி வந்த கரன்டும் சரியாக இருக்கிறதா என்று கல்லாவில் உட்கார்ந்த முதலாளி மாதிரி ஓயாமல் எண்ணிக்கொண்டே இருப்பான். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், 'அது எங்கே போச்சு?' என்று கண்சிமிட்டும் நேரத்தில் மெயினையே இறக்கிவிடுவான். அதையும் மாட்டச் சொன்னோம்.

கீசருக்கு வருவோம். அதை இறக்கித் திறந்தபோது உள்ளே பார்க்க வேண்டுமே! காயில் எது, சுண்ணாம்பு எது என்று தெரியவில்லை. வெள்ளையாக வாழைத்தண்டு மாதிரி ஒன்று இருந்தது. அடியில் சில்லும் பொடியுமாக ஒரு முறம் நிறைய. பாதித் தொட்டி தண்ணீருக்கு, பாதித் தொட்டி காளவாசலுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறது. பழைய காயிலைக் கடாசிவிட்டு விருதுநகர் பஜாரில் அதே அளவில் புதுசு வாங்கினேன். கூடவே ரப்பர் கேஸ்கெட்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவது சிக்கனம் இல்லை, கசிவு. தொட்டிக்குள் கண்ணாடிப் பூச்சு. அங்கே கம்பியை விட்டுச் சுரண்டினால் போச்சு. சிட்ரிக் ஆசிட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றி வைத்தேன். சோடா மாதிரி பொங்கி, இரண்டு மணி நேரத்தில் கரைந்து வந்தது. பாட்டியின் புளிதான், கொஞ்சம் படித்த புளி.

உள்ளே இன்னொரு சங்கதியும் இருந்தது. தேய்ந்து பென்சில் முனை மாதிரி ஆன ஒரு கம்பி. மக்னீசியத் தண்டு. தொட்டியை அரிக்க வருகிற எதிரியிடம், 'அவனை விடு, என்னைத் தின்னு' என்று தன்னைக் கொடுக்கிற தியாகி அது. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்கிற விஞ்ஞானி பிரிட்டிஷ் போர்க் கப்பல்களின் செம்பு அடிப்பாகம் கடல் நீரில் அரிக்காமல் இருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பலி கொடுத்த அதே வித்தை. செம்பு பிழைத்தது. ஆனால் அரிக்காத செம்பில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு கப்பல் நகரவில்லையாம்! எங்கள் கீசர் எங்கேயும் போக வேண்டியதில்லை. அதனால் புதுத் தண்டு போட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்கச் சொல்லி எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த கீசர், பேரன் பிறந்தும் அதே தண்டோடு இருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "தம்பி, என் கீசர்ல பக்கவாட்டு வால்வுல சொட்டுச் சொட்டா தண்ணி வருதுப்பா. எம்-சீல் வச்சு அடைக்கலாம்னு இருக்கேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, அது ஒழுகல் இல்ல!" என்று ஓடினேன். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சுடும்போது ஒரு டம்ளர், 200 மில்லி அளவு, விரியும். விரிகிற தண்ணீர் எங்கே போகும்? அந்த வால்வு வழியாகத்தான் சொட்டும். அது மூச்சு விடுகிற மூக்கு. அதை அடைத்து, அன்றைக்கென்று தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் சுவரில் தொங்குவது கீசர் இல்லை, எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், ஆட்டம் பாம். சுடாத நேரத்திலும் சொட்டினால்தான் வால்வை மாற்ற வேண்டும். மாமா எம்-சீலை உடைந்த பூந்தொட்டிக்கு வைத்துக்கொண்டார். அவர் வீட்டு பிளக்கையும் பார்த்தேன். மூன்றாவது பின்னைக் காணோம். எக்ஸ்டென்ஷன் போர்டில் நுழையவில்லை என்று யாரோ ஒடித்துவிட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு மாமா வீட்டில்.

அம்மாவுக்கு இதில் ஒரே வருத்தம், தைலத்துக்குக் கிடைத்த நல்ல பெயர் போய்விட்டதே என்று. கீசரிலிருந்து வந்த சுண்ணாம்பை நான் குப்பையில் போடப் போனபோது முறத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நுணுக்கிச் சலித்துக் கோலப்பொடியோடு கலந்துவிட்டாள். வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம், கடைப்பொடியில் இந்த வெளுப்பு வராதாம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதின ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. மாசத்துக்கு ஒருமுறை அதை அமுக்கி, மெயின் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் காவல்காரன் செத்துவிட்டான் என்று அர்த்தம். தேதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? அமாவாசைக்கு அமாவாசை அமுக்குவது என்று அம்மா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டாள். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வெள்ளிக்கிழமை, துளசிக்கு ஊற்றும்போதே. போன அமாவாசை ராத்திரி எட்டரை மணி, இந்தியா ஜெயிக்க இரண்டு ஓவரில் பதினேழு ரன். 'டக்'கென்று வீடு இருட்டாயிற்று. இருட்டுக்குள்ளிருந்து, "விழுந்துருச்சுய்யா, நல்லாத்தான் இருக்கு!" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்.